எதிரணியில் செண்பகவல்லி

வக்கீல் வைக்கணுமா, நாமளே பாத்துக்கலாமான்னுதானே கேட்டீங்க? நல்ல ஆளாப் பாத்துத்தான் கேட்டிருக்கீங்க தம்பி. இப்படி வாங்க, அந்த பெஞ்சு ஆடும், இதுல உக்காருங்க. ஜட்ஜம்மா இப்பத்தான் கார்ல வந்து இறங்கினாங்க. பேர் கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

உங்க கேஸ் என்னன்னு நான் கேக்க மாட்டேன். முகத்தைப் பாத்தாலே தெரியுது. கல்யாணமாகி ரெண்டு மூணு வருஷம், அம்மாவுக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒத்து வரல, நடுவுல நீங்க. இல்லையா? சரி, எதுவா இருந்தா என்ன. என் கதையைக் கேளுங்க, உங்களுக்குத் தன்னால பதில் கிடைச்சிரும்.

என்னைய எங்கேயோ பாத்த மாதிரி இருக்குமே? நகைச்சுவைத் தென்றல் தட்சிணாமூர்த்தி. பட்டிமன்றம். இந்தப் பக்கம் கோயில்ல பங்குனிப் பொங்கல்னா நம்ம பேரு நோட்டீஸ்ல இல்லாம இருக்காது. பகல்ல ஈ.பி. ஆபீஸ், சாயந்திரமானா மேடை. ஒரு தீபாவளிக்கு டி.வி.யில கூட வந்தேன். நீங்க பாத்திருக்க மாட்டீங்க, எல்லாரும் எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நேரத்துல போட்டுட்டாங்க.

அந்தா, வேப்பமரத்தடியில கறுப்புக் கோட்டோட நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கான் பாருங்க, ஜெபமணி. என்கூடப் படிச்சவன், இப்ப பெரிய வக்கீல். கையில வச்சிருக்கது வக்காலத்து. நான் ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கு எனக்காக அவன் ஆஜராவான். போடலேன்னா நானேதான். பேரு கூப்பிடுறதுக்குள்ள சொல்லுடான்னு காலையிலேருந்து பின்னாலயே வாரான். அதான் இங்க வந்து உக்காந்துட்டேன்.

இன்னைக்குக் குறுக்கு விசாரணை. எதிரணி கூண்டுல ஏறும். எதிரணின்னா வேற யாருமில்ல, என் சம்சாரம் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. கேர்ல்ஸ் ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். அவதான் விவாகரத்து கேட்டுப் போட்டிருக்கா. எனக்கு வேண்டாம். அதை முதல்லயே சொல்லிடுறேன் தம்பி, எனக்கு விவாகரத்து வேண்டாம். அவ வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான் நான் கேக்குறது.

என்ன காரணம் போட்டிருக்கான்னு கேளுங்க. மனக்கொடுமை. நான் கையை ஓங்கினதில்ல. குடி கிடையாது. சம்பளத்தை அப்படியே கையில குடுக்குறவன். பின்ன என்ன கொடுமை? மேடையில அவளைப் பத்திப் பேசினேனாம். தம்பி, பட்டிமன்றத்துல பொண்டாட்டியைப் பத்திப் பேசாம எவன் பேசுறான்? அடுத்தவன் பொண்டாட்டியப் பத்தியா பேச முடியும்? அடி விழும்ல?

சிரிச்சுட்டீங்க பாத்தீங்களா. அதைத்தான் சொல்றேன். எல்லாரும் சிரிக்கிறாங்க.

இத்தனைக்கும் என்ன பேசிட்டேன். எங்க வீட்டுல ராத்திரி ரைஸ் மில் ஓடும், கரண்ட் பில் மட்டும் வராது, ஈ.பி.காரன் நானே கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லுவேன். கொறட்டை. கூட்டம் குலுங்கும். அவ ஸ்கூல் ஆண்டு விழாவுக்கே என்னையக் கூப்பிட்டாங்க, அங்கயும் அதைச் சொன்னேன், பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சுதுக. மறுநாளேருந்து இவ போர்டுப் பக்கம் திரும்பினா பின் பெஞ்சுலேருந்து கொறட்டைச் சத்தம் வருதாம். வந்து சொன்னா. அப்படியா, நல்லா எடுபட்டிருக்கேன்னேன். பாராட்டுதானே அது? அடுத்த கூட்டத்துல அதையும் சேத்துச் சொன்னேன், இன்னும் நல்லா எடுபட்டுச்சு.

சம்மன் ஆபீசுக்கு வந்துச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரிச்சுப் பாத்தா அவ பேரு மேல, என் பேரு கீழ. நடுவுல எதிர்னு போட்டிருக்கு. அன்னைக்குக் காலையில எனக்கு இட்லி வச்சுட்டுத்தான் ஸ்கூலுக்குப் போனா. ஒரு வார்த்தை சொல்லல. சாயந்திரம் வீட்டுக்குப் போனா அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. மிக்சி மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கா, அவ அம்மா குடுத்தது.

அன்னைக்கே ஜெபமணிகிட்டப் போனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவன் சொன்ன மொத வார்த்தை என்ன தெரியுமா? கேஸ் முடியிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது, அதான் ஃபீஸை விட முக்கியம்னான். எப்படி இருக்கும் எனக்கு? ஊரே காசு குடுத்து என்னையப் பேசச் சொல்லுது, இவன் காசு வாங்கிக்கிட்டுப் பேசாதங்கிறான். எந்திரிச்சு வந்துட்டேன். என் வாழ்க்கையைப் பத்தி இன்னொருத்தன் பேச, நான் பின்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதா? குடும்ப கோர்ட்டுல நாமளே பேசலாம், வக்கீல் கட்டாயமில்லன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் என்ன?

இருங்க, எங்க எந்திரிக்கிறீங்க? உங்க பேரு இப்பக் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா டவாலி கத்துறது தெருவுக்கே கேக்கும். உக்காருங்க.

மொத வாய்தா. எந்திரிச்சேன். பழக்கம் பாருங்க, கையத் தூக்கி, "நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் என் இல்லத்தரசி அவர்களே"ன்னு ஆரம்பிச்சுட்டேன். கோர்ட்டே சிரிச்சுருச்சு. வக்கீலுங்க, அடுத்த கேசுக்கு வந்தவங்க, டைப் அடிக்கிற அம்மா, எல்லாரும். சரி, அரங்கம் நம்ம கையிலன்னு நெனச்சேன். ஜட்ஜம்மா மட்டும் சிரிக்கல. செண்பகம் தலையக் குனிஞ்சுக்கிட்டா. கூச்சக்காரி, எப்பவும் அப்படித்தான்.

இப்பச் சொல்லப்போறதுதான் முக்கியம், நல்லாக் கேளுங்க. போன வாய்தாவுல ஜட்ஜம்மா எங்க ரெண்டு பேரையும் உள்ள ரூமுக்குக் கூப்பிட்டாங்க. செண்பகத்தைத் தனியா வச்சு முன்னாடியே பேசியிருக்காங்க. அவ இறங்கி வந்திருக்கா, இவரு என்னையப் பத்தி இனி மேடையில பேசக்கூடாது, அதை மட்டும் புரிய வையுங்க, நான் வீட்டுக்குப் போயிடுறேன்னு சொல்லியிருக்கா. அது எனக்கு அப்பத் தெரியாது, பின்னாடி ஜெபமணி விசாரிச்சுச் சொன்னான். கேஸ் அன்னைக்கே முடிய வேண்டியது தம்பி. அன்னைக்குச் சாயந்திரமே அவ என்கூட பஸ் ஏற வேண்டியது.

ஜட்ஜம்மா என்னையப் பாத்து, உங்க மனைவிக்கு என்ன வருத்தம்னு உங்களுக்குத் தெரியுதான்னாங்க. நான் உடனே, அம்மா, எனக்கு எந்த அணி குடுத்தாலும் பேசுவேன், கடைசி நிமிஷத்துல அணி மாத்திக் குடுத்தாலும் பேசுவேன்னேன். சரி, அப்ப உங்க மனைவி அணியில பேசுங்க, அவங்க இடத்துல நின்னு பேசுங்கன்னாங்க.

எனக்கு அது போதாதா? தண்ணி கூடக் குடிக்கல. எந்திரிச்சு நின்னு ஆரம்பிச்சேன். "நான் செண்பகவல்லி."

அப்படியே சொல்றேன் கேளுங்க, எனக்கு மறக்காது. "இவரு என்னைய உத்துப் பாத்தா எனக்குப் பயம். நான் சிரிச்சா அதை மேடைக்கு எடுத்துட்டுப் போயிருவாரு. அழுதாலும் எடுத்துட்டுப் போயிருவாரு. அதனால இப்ப வீட்டுல நான் ரெண்டும் செய்யிறதில்ல. கொறட்டை வந்துருமோன்னு இவரு தூங்குற வரைக்கும் முழிச்சுக் கிடப்பேன். எங்க அம்மா செத்த அன்னைக்கு அழுதுக்கிட்டே, அடுப்புல பால் பொங்குது இறக்குங்கன்னு சொன்னேன். துக்கத்துக்கு வந்தவங்களுக்குக் காப்பி போட அந்தப் பால்தான் இருந்துச்சு. பதினாறாம் நாள் காரியம் முடியல, இவரு அதை மைக்குல அழுது காட்டி, பால் இறக்கி, மறுபடி அழுது காட்டுனாரு. ஜனம் கை தட்டுச்சு. கூட்டத்துல எங்க அண்ணன் உக்காந்திருந்தான். இப்ப அம்மாவை நெனச்சு அழலாம்னு உக்காந்தா எனக்கு அம்மா முகம் வரல, அந்தக் கூட்டம் சிரிச்ச சத்தம்தான் வருது."

இன்னும் இருக்கு, சுருக்கிச் சொல்றேன். கடைசியில, "நான் இவருகிட்ட நகை கேக்கல, வீடு கேக்கல. என் வீட்டுல நடக்கிறது என் வீட்டுக்குள்ளயே இருக்கணும்னு கேட்டேன்"னு முடிச்சேன். மணி அடிக்க ஆள் இல்ல, நானே நேரம் பாத்து முடிச்சு, நன்றி வணக்கம்னு உக்காந்தேன்.

தம்பி, ரூம்ல ஒரு சத்தம் இல்ல. குறிப்பெடுக்க உள்ள வந்திருந்த டைப் அடிக்கிற அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. இத்தனை வருஷ மேடையில அப்படி ஒரு அமைதி எனக்குக் கிடைச்சதில்ல. எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. எந்த வக்கீலால இப்படிப் பேச முடியும், சொல்லுங்க?

நான் செண்பகத்தைப் பாத்தேன். கண்ணுல தண்ணி கொட்டுது. சரி, உருகிட்டா, முடிஞ்சதுன்னு நெனச்சேன். அவ என்னையப் பாக்கல, ஜட்ஜம்மாவைப் பாத்து மெதுவாச் சொன்னா. "அம்மா, இவருக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப்பிள்ள மாதிரி, புரிய வச்சாப் போதும்னு நான்தான் உங்ககிட்டச் சொன்னேன். தெரியாமத்தான் பண்றாருன்னு நெனச்சுத்தான் இத்தனை வருஷமும் இருந்தேன். இவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. நான் முழிச்சுக் கிடந்தது கூடத் தெரிஞ்சிருக்கு. கேஸ் நடக்கட்டும்மா."

இதுல என்ன நியாயம் இருக்கு? இவரு என்னையப் புரிஞ்சுக்கலன்னுதானே அவ கேஸ் போட்டா? புரிஞ்சிருக்குன்னு ஜட்ஜ் முன்னாடி நிரூபிச்சாச்சு. இப்பப் புரிஞ்சிருக்குன்னு கேஸ நடத்துறா. எந்தப் பக்கம் போனாலும் நமக்குத் தோல்வின்னா அது என்ன பட்டிமன்றம்?

ஜெபமணிகிட்டச் சொன்னேன். தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். ஏண்டா, உனக்கு எதிரா நீயே சாட்சி சொல்லிட்டு வந்து, நல்லாப் பேசினேனாங்கிறியேன்னான். ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற எங்க மக போன் பண்ணுனா. அப்பா, வக்கீலை வச்சுக்கோங்கப்பா, நீங்க பேசாதீங்கன்னு கெஞ்சுறா. எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, குரல்லயே கண்டுபிடிச்சுட்டா போல. பாசக்காரப் பிள்ள.

அந்தா. அந்தா வாரா. திரும்பாதீங்க, சும்மா ரோட்டைப் பாக்குற மாதிரி பாருங்க. பச்சைச் சேலை. பக்கத்துல வர்ற சின்னப் பொண்ணு அவ வக்கீலு. இளைச்சுட்டா. அந்தச் சேலை எனக்குத் தெரியும், ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்கு எடுத்தது. நம்ம பக்கம் திரும்பவே இல்ல பாத்தீங்களா? நான் இங்க உக்காந்திருக்கேன்னு தெரியும். பேச்சுச் சத்தம் கேட்டிருக்கும்ல.

உள்ள போயிட்டா.

பயமா இருக்கு தம்பி. ஆயிரம் பேருக்கு முன்னாடி ஏறினாலும் எனக்கு இப்படிப் பயம் வந்ததில்ல. இன்னைக்கு அவ பேசுறது பதிவாயிருச்சுன்னா, அப்புறம் தீர்ப்புதான். வீட்டுக்குப் போய்க் கதவைத் தொறந்தா அங்க பேசுறதுக்கு ஆளில்ல. டி.வி.யைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். அதுல எவனாவது சிரிச்சா அமத்திடுறேன்.

ஜெபமணி சொல்றதும் எனக்குப் புரியாம இல்ல. நீ கேட்டா அது சண்டை, நான் கேட்டா அது கேள்விங்கிறான். என்ன கேப்பேன்னா, அடிச்சாரா, இல்ல, குடிப்பாரா, இல்ல, அவ்வளவுதான், உக்காந்துருவேன். பெரிய வாய்தாவா வாங்கித் தாரேன், அதுவரைக்கும் நீ மேடைப் பக்கம் போகாத, போன் பண்ணாத, ஸ்கூல் வாசல்ல நிக்காத, அந்தப் பொம்பளைக்கு மனசு ஆறட்டும், அவ இன்னும் முழுசா வெறுக்கலடாங்கிறான். வெறுத்திருந்தா சின்னப்பிள்ளைன்னு சொல்லியிருக்க மாட்டாளாம். இருக்கலாம். யோசிச்சுப் பாத்தா அவன் சொல்றதுல விஷயம் இருக்கு. நேத்து முழுக்க கையெழுத்துப் போட்டுரலாம்னுதான் இருந்தேன். காலையில பஸ்ல வரும்போது கூட.

நீங்க என்ன சொல்றீங்க? போட்டுரலாமா?

இருங்க, ஒண்ணு விட்டுப்போச்சு, அதையும் கேட்டுட்டுச் சொல்லுங்க. அன்னைக்கு ஜட்ஜம்மா ரூம்லேருந்து வெளிய வந்தோம்ல. அவ முன்னால போறா, நான் பின்னால போறேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்களுக்குள்ள ஒரு வழக்கம். நான் எந்த ஊர்ல பேசிட்டு வந்தாலும், செருப்பைக் கழட்டும்போதே, எப்படி இருந்துச்சும்பேன். அவ கூட்டத்துக்கு வந்திருந்தாலும் கேப்பேன், வராட்டாலும் கேப்பேன். நல்லா இருந்துச்சு, கையக் கழுவிட்டு வாங்கம்பா. யோசிச்சுப் பாக்கேன், வீட்டுல நான் அவகிட்ட வாயத் தொறந்து கேட்ட கேள்வி அது ஒண்ணுதான் போல. அன்னைக்கும் இந்த வராந்தாவுல அவ பின்னாலயே ஓடிப்போயி, செண்பகம், எப்படி இருந்துச்சுன்னேன். வாயில தன்னால வந்துருச்சு தம்பி.

நின்னா. திரும்பி என்னையப் பாத்தா. அப்படி ஒரு பார்வைய நான் எந்த மேடையிலயும் சொன்னதில்ல, சொல்லவும் வராது. படியிறங்கிப் போயிட்டா. அன்னையிலேருந்து போன் எடுக்கல, ஒரு வார்த்தை இல்ல. எதுன்னாலும் அந்தச் சின்னப் பொண்ணு மூலமாத்தான்.

டவாலி வெளிய வந்துட்டான். நம்ம பேருதான் கூப்பிடுறான், செண்பகவல்லி, தட்சிணாமூர்த்தின்னு. சேத்துக் கூப்பிடும்போது நல்லாத்தான் இருக்கு, கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி. ஜெபமணி ஓடி வாரான் பாருங்க, பேனாவோட. வேண்டாம்னு சொல்லிடுங்க தம்பி அவன்கிட்ட. நானே போறேன். தோத்தாலும் பரவாயில்ல. கூண்டுல ஏறிட்டா கேட்டதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும், அது சட்டம். வக்கீல் கேட்டா அவ வக்கீலைப் பாத்துல்ல பதில் சொல்லுவா.